மூன்றாம் தடவை கேட்காத வீடு

1. 2009இன் தொடக்கத்தில் எங்கள் லண்டன் அலுவலகத்துக்கு அமெரிக்கப் பெண் ஒருவர் எழுத்து வேலைக்கு வந்தார்.

2. அயர்லாந்தைச் சுற்றிப் பார்க்கவோ அங்கேயே போய்க் குடியிருக்கவோ யோசிக்கும் அமெரிக்கர்களுக்கான இணையத்தளம் ஒன்றுக்கு அவர் எழுதினார். நான் அந்தத் தளத்தைச் சோதித்தேன்.

3. அவர் எழுதிய ஒரு பக்கத்தில் பிழை இருப்பதாகப் பதிந்தேன். அது தேநீர் பற்றிய பிழை.

4. பிழையை விளங்கப்படுத்துவதற்காக அவரை நோர்பரியில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

5. எங்கள் வீட்டில் கற்றதை வைத்து அவர் அயர்லாந்தில் ஒரு வீட்டை மறுபடியும் கேட்டார்.

6. மொத்தம் இரண்டு தடவை கேட்டார். மூன்றாம் தடவை வாயைத் திறந்தபோது நான் குறுக்கே பேசினேன்.

7. அதன்பின் அவர் என்னோடு சில வாரங்கள் பேசவில்லை.

இப்படி வரிசைப்படுத்தும்போது எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று ஒழுங்காக நடந்ததுபோல் இருக்கிறது. என் தொழில் அப்படி. மென்பொருள் சோதிப்பவர்கள் எதைக் கண்டாலும் முதலில் படிகளாக எழுதுவோம். அப்போதுதான் இன்னொருவர் அதே படிகளில் போய் அதே பிழையைக் காண முடியும். இந்த விஷயத்தை ஒருவரும் திரும்பச் செய்து பார்க்கப் போவதில்லை. இருந்தாலும் பழக்கம்.

எங்கள் அலுவலகம் சிறியது. வாடிக்கையாளர் ஒரு பயண நிறுவனம். தளத்தில் விசா, வாகன ஓட்டம், மழை, வாடகை வீடு, மருத்துவர் என்று தனித்தனிப் பக்கங்கள் இருந்தன. அந்த வருடம் அயர்லாந்திலிருந்து வேலை இல்லாமல் இளைஞர்கள் அவுஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். கட்டி முடித்த வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. அதே நேரத்தில் அங்கே எப்படி வாழ்வது என்று அமெரிக்கர்களுக்குச் சொல்லும் தளத்தில் நான் பொத்தான்கள் வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்கர் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்தவர். நாற்பதைத் தாண்டியவர். கணவருக்கு மடிக்கணினி இருந்தால் எந்த ஊரிலும் வேலை. இருவரும் விம்பிள்டனில் ஒரு ஃப்ளாட்டில் தற்காலிகமாக இருந்தார்கள். அவர் எழுதிய பக்கங்களுக்கு முதல் வாசகர் அவரேதான் என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. தளத்தில் அவர் யாருக்காக எழுதினாரோ அந்த ஆட்களில் அவரும் ஒருவர். அவருடைய அம்மம்மா அயர்லாந்தின் மேற்குக் கரையில் பிறந்தவர். அந்தப் பிறப்புச் சான்றிதழை வைத்துப் பேரப்பிள்ளையான இவரும் ஐரிஷ் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார்.

இதை நான் வீட்டில் சொன்னபோது அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினார்.

"அம்மம்மாவின்ர துண்டுக்கே குடுக்கிறாங்கள்?"

"ஓம்."

"கொப்பா எத்தினை வருசம் குரொய்டனுக்கு நடந்தவர்" என்றார் அம்மா. அப்பாவின் விசா விண்ணப்பம் கிடந்த அலுவலகம் குரொய்டனில் இருந்தது. பிறகு அடுப்பைக் கூட்டினார். அன்றிலிருந்து அமெரிக்கரை 'உன்ர அமெரிக்கா' என்று கூப்பிடத் தொடங்கினார். உன்ர அமெரிக்கா இண்டைக்கு என்ன எழுதினவ என்று கேட்பார்.

பிழை வந்தது ஐரிஷ் மக்களோடு பழகுவது பற்றிய பக்கத்தில். அங்கே போகும் வீட்டிலெல்லாம் தேநீர் தருவார்கள். வேண்டாமென்றால் மரியாதையாக ஒரு தடவை 'வேண்டாம், நன்றி' என்று சொன்னால் போதும் என்று அவர் எழுதியிருந்தார். நான் பதிவு ஒன்றைத் திறந்தேன். எதிர்பார்த்த விளைவு: தேநீர் வராது. உண்மையில் நடக்கக்கூடியது: தேநீரோடு கேக்கும் வரும். கடுமை: உயர்வு.

அவர் என் மேசைக்கு வந்தார். நான் அயர்லாந்துக்குப் போயிருக்கிறேனா என்று கேட்டார். இல்லை என்றேன். ஐரிஷ் நண்பர்கள் இருக்கிறார்களா? பல்கலைக்கழகத்தில் கூடப் படித்த ஒருத்தி இருந்தாள் என்றேன். அவளும் நானும் ஒரு பிஸ்கட் பெட்டியை ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளி அரைமணி நேரம் கழித்திருக்கிறோம். இரண்டு பேருக்கும் பசி இருந்தது. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

"பசி இருந்தால் ஏன் எடுக்கவில்லை?" என்று அமெரிக்கர் கேட்டார்.

இதற்கு எழுத்தில் பதில் சொல்ல முடியவில்லை. சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்றேன்.

அவர் வந்தார், பூக்கொத்தோடு. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். அதை வாசலிலேயே சொல்லியும்விட்டார். அம்மா காலையிலிருந்து மீன் ரோல்ஸ் சுற்றிப் பொரித்து வைத்திருந்தார். தட்டை நீட்டும்போது, அவசரத்தில் செய்தது, உப்பும் கூடிவிட்டது, நல்லாயிருக்காது, ஒன்று எடுங்கள் என்று தன் வேலைத்தல ஆங்கிலத்தில் சொன்னார். அமெரிக்கர் உண்மையாகவே கவலைப்பட்டார். உப்புக் கூடினால் பரவாயில்லை, எப்படியும் தனக்குப் பசியில்லை, நன்றி என்றார். அம்மா தட்டை இன்னும் கிட்டக் கொண்டுபோனார். அவர் மறுபடி வேண்டாம் என்றார். அம்மா இரண்டு ரோல்ஸை ஒரு சின்னத் தட்டில் வைத்து அவர் மடியருகே வைத்துவிட்டுத் தேநீர் ஊற்றப் போனார்.

அமெரிக்கர் என்னைப் பார்த்தார். சாப்பிடுங்கள் என்று தலையசைத்தேன். ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, இதில் உப்பு சரியாகத்தானே இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டார்.

"சரியாகத்தான் இருக்கும்" என்றேன். "நல்லதைத்தான் அம்மா குறைசொல்லித் தருவார். நல்லாயிருக்கிறது என்று நீங்கள் சொல்ல வேண்டும். அதற்காகத்தான்."

அம்மா தேநீரோடு திரும்பியதும், நன்றாயிருக்கிறது என்று அமெரிக்கர் சொன்னார். போகும்போது அம்மா மிச்சத்தைத் தகரப்பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். அமெரிக்கர் ஒரு தடவை மறுத்தார். இன்னொரு தடவை மறுத்தார். என் பக்கம் பார்த்துவிட்டு, மூன்றாம் தடவை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். அம்மாவின் முகம் மலர்ந்தது.

கதவைச் சாத்தியதும் அம்மா சொன்னார்:

"பாவம், நல்ல பசியோட வந்திருக்கு. கூச்சத்தில வேண்டாம் எண்டுது."

"இல்லையம்மா, அவ உண்மையாத்தான் வேண்டாம் எண்டவ."

"ஆரடி உண்மையா வேண்டாம் எண்டுறது?"

திங்கட்கிழமை அவர் பக்கத்தைத் திருத்தினார். இரண்டு தடவை மறுப்பது வழக்கம், மூன்றாவதுதான் உங்கள் உண்மையான பதில் என்று எழுதினார். நான் பதிவை மூடினேன். அது அங்கேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம். மாலையில் அவர் மறுபடி என் மேசைக்கு வந்து, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அன்றுதான் வீட்டைப் பற்றிச் சொன்னார். அம்மம்மா பிறந்த வீடு இன்னும் இருக்கிறது. அம்மம்மாவின் சகோதரருடைய மகள் அதே காணியில் புதிதாக ஒரு சின்ன வீடு கட்டித் தனியாக இருக்கிறார். இந்த உறவுக்கு ஆங்கிலத்தில் நீளமான ஒரு பெயரை அவர் சொன்னார். எத்தனையாவது கசின், எத்தனை தலைமுறை தள்ளி என்பதெல்லாம் அதில் இருந்தது. நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அம்மாவின் மச்சாள். அப்படியென்றால் இவருக்கு மாமி. அன்றிலிருந்து எனக்கு அவர் மாமிதான்.

பழைய வீடு பூட்டிக்கிடந்தது. கோடையில் அமெரிக்கரும் கணவரும் மாமியைப் பார்க்கப் போயிருந்தார்கள். அந்த வீட்டில் தாங்கள் குடியிருக்க முடியுமா என்று அமெரிக்கர் நேரடியாகவே கேட்டார். பழசு, சுவரெல்லாம் ஈரம், எலி ஓடுகிறது, உங்களைப் போன்றவர்களுக்கு அது சரிவராது என்று மாமி சொன்னார். அமெரிக்கர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். ஈரச் சுவர் என்றால் ஈரச் சுவர். பக்கத்து நகரத்தில் அடுக்குமாடி வீடுகளைப் பார்க்கத் தொடங்கினார்.

அமெரிக்கருடைய அம்மா அதற்கு முந்தின வருடம் இறந்திருந்தார். அவர் ஒருபோதும் அந்த வீட்டைக் கண்டதில்லை. ஆனால் அதன் கதவு நிறத்தைக்கூடச் சொல்வாராம். நகரத்தில் வாடகைக்கு எடுத்தால் தானும் தளத்தைப் பார்த்து வருகிற இன்னொரு அமெரிக்கர்தான் என்றார். அந்த வீட்டில் இருந்தால் யாரோ ஒருவரின் ஆளாக அந்த ஊரில் இருக்கலாம். முழுவதையும் சொல்லிவிட்டுக் கேட்டார்:

"உங்கள் அம்மா உப்புக் கூடிவிட்டது என்றாரே. ஈரம் என்று மாமி சொன்னதும் அதுபோலத்தானா?"

எனக்குச் சந்தேகமே வரவில்லை. தரவு என் கையில் இருந்தது. அம்மாவின் ரோல்ஸ், பெரியம்மாவின் பாயாசம், கல்யாண வீட்டுக்காரர் தங்கள் சாப்பாட்டைத் தாங்களே குறைசொல்வது. கொடுக்க விரும்புகிறவர்தான் பொருளைத் தாழ்த்திச் சொல்வார். இன்னும் இரண்டு தடவை கேளுங்கள் என்றேன்.

இரண்டாம் தடவையைத் தொலைபேசியில் கேட்டார். கூரையும் சரியில்லை என்று மாமி சொன்னார். அடுத்த நாள் அமெரிக்கர் என் மேசையைக் கடந்து போகும்போது இரண்டு விரலைக் காட்டிச் சிரித்தார். கூரையை எப்படித் திருத்துவது, எந்த விறகடுப்பு நல்லது என்று மதிய இடைவேளையில் தேடத் தொடங்கினார். பழுப்பு நிறக் கதவுக்கு என்ன பூச்சு என்று என்னையும் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

குளிர் தொடங்கியபின் மாமி லண்டனுக்கு வந்தார். கில்பேர்னில் அவருடைய தங்கை பல காலமாக இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மாமியை விம்பிள்டனுக்குத் தேநீருக்கு அழைத்திருப்பதாகவும் நானும் வர வேண்டும் என்றும் அமெரிக்கர் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். "மொழிபெயர்க்க" என்றார். பகிடியாகத்தான் சொன்னார், ஆனால் முழுவதும் பகிடி இல்லை.

விம்பிள்டனுக்கு எங்கள் வீட்டார் போவது கோயிலுக்கு மட்டும்தான். தட்டில் அர்ச்சனைச் சாமான் இல்லாமல் நான் அந்தத் தெருக்களில் நடந்தது அன்றைக்குத்தான்.

மாமி எழுபதுக்குக் கிட்ட இருப்பார். மேற்கோட்டைக் கழற்றிவிட்டு உள்ளே போட்டிருந்த கம்பளிச் சட்டையின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டியபடி உட்கார்ந்திருந்தார். கைப்பை கதிரையின் காலோடு சாய்ந்திருந்தது. அவருடைய ஆங்கிலம் எனக்கு முதல் சில நிமிடங்கள் பிடிபடவில்லை. பிடிபட்டபின் ஒரு விசித்திரம் நடந்தது: அதை நான் யாழ்ப்பாணத் தமிழாகவே கேட்கத் தொடங்கினேன். இப்போது நினைவிலிருந்து எழுதும்போதும் அப்படியே வருகிறது. அதனால் அப்படியே எழுதுகிறேன். அமெரிக்கர் பேசியது மட்டும் எனக்கு எழுத்துத் தமிழாகத்தான் வருகிறது. அது அவருடைய குற்றம் இல்லை.

நான் வாங்கிப்போன கேக்கை நான்தான் வெட்டினேன்.

"எனக்கு வேண்டாம் பிள்ளை, இப்பதான் தங்கச்சி வீட்டில சாப்பிட்டனான்."

"சின்னத் துண்டுதான்."

"ஐயோ வேண்டாம், நீங்கள் பிள்ளையள் சாப்பிடுங்கோ."

"கடையில வாங்கினது. அவ்வளவு நல்லாயிராது."

"நல்லாத்தான் இருக்கும். சரி, ஒரு நூலளவு வெட்டும்."

பெரிய துண்டாக வெட்டி வைத்தேன். அதே சுற்று எனக்கும் நடந்தது. இந்த முறை மாமி தட்டைத் தள்ளினார், நான் மறுத்தேன். அமெரிக்கர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விம்பிள்டனில் டென்னிஸ் பார்க்காமல் வேறென்ன பார்ப்பது என்று கணவர் சொல்லிவிட்டுத் தன் மடிக்கணினியோடு உள்ளே போனார்.

கொஞ்ச நேரம் நன்றாகவே போனது. தங்கையின் முழங்கால், விமானத்தில் தேநீருக்கும் தனியாகக் காசு கேட்கிறார்கள் என்பது, ஊரில் காற்பந்துக்கு ஆள் சேராத அளவுக்குப் பொடியன்கள் போய்விட்டார்கள் என்பது. எல்லாரும் போகிற நேரத்தில் நீங்கள் வாறியள் என்று மாமி அமெரிக்கரைப் பார்த்துச் சொன்னார். சொன்னவிதத்தில் அன்பு இருந்தது. அதுதான் சரியான நேரம் என்று அமெரிக்கர் நினைத்திருக்க வேண்டும்.

வீட்டைத் தாங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்வோம் என்று தொடங்கினார். கூரையைத் தங்கள் செலவிலேயே போடுவோம். ஈரத்துக்கு இப்போது நல்ல முறைகள் இருக்கின்றன. பழைய வீடு பூட்டிக்கிடந்தால்தான் கெட்டுப்போகும். எல்லாமே நியாயமான பேச்சு.

மாமி கோப்பைக்குள் பார்த்தார்.

"பாப்பம் பிள்ளை" என்றார். "பாப்பம்."

அவர் சொன்ன ஆங்கிலத்தில் இரண்டே சொல். அவை என் காதில் வேறெப்படியும் விழ வழியில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் போகலாமா என்று கேட்டால் அம்மா சொல்கிற 'பாப்பம்'. அதற்குப் பிறகு ஒருவரும் பார்ப்பதில்லை.

அதோடு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ஊரில் போரின் கடைசி மாதங்கள் நடந்த அந்த வருட வசந்தத்தில் எங்கள் வீட்டில் தொலைபேசி அடித்தால் எல்லோரும் எழுந்து நின்றோம். கோடைக்குப் பிறகு தொலைபேசி வேறு காரியங்களுக்கு அடிக்கத் தொடங்கியது. அப்பாவின் சொந்தக்காரர் ஒருவர், யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடு சும்மாதானே கிடக்கிறது, தாங்கள் போய் இருக்கலாமா என்று கேட்டிருந்தார். அம்மா தொலைபேசியில் சொன்னார்: கூரை சரியில்லை, கிணறு பாழடைஞ்சு கிடக்கு, உங்களுக்குச் சரிவராது, பாப்பம். நான் அப்போது பக்கத்தில் உட்கார்ந்து மடிக்கணினியில் வேலை செய்துகொண்டிருந்தேன். அம்மா அந்த வீட்டைத் தாழ்த்திச் சொன்னது கொடுப்பதற்காக இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் அதைத் தரவுக்குள் சேர்க்கவில்லை. ரோல்ஸை மட்டும் வைத்து விதி எழுதியிருந்தேன். சாப்பாட்டுக்கு எழுதிய விதியைக் காணிக்குப் போட்டிருந்தேன்.

மாமியின் கை கீழே போய்க் கைப்பையின் வாரைப் பிடித்தது. கேக்கை மறுத்தபோது அவர் கண் கேக்கில்தான் இருந்தது. இப்போது கண் கதவில் இருந்தது.

அமெரிக்கர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். மூன்றாம் தடவை வரப்போகிறது என்று தெரிந்தது. அவர் கேட்டால் மாமி 'ஓம்' என்றுதான் சொல்வார் என்பதும் தெரிந்தது. நேருக்கு நேர் மூன்றாம் முறை கேட்கிறவருக்கு இல்லை என்று சொல்ல அவருக்கும் ஏலாது, என் அம்மாவுக்கும் ஏலாது. சொல்லிவிட்டுப் பிறகு அந்த இருவரும் ஒரே காணியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

"அந்தப் பக்கம் பஸ் இல்லையென்று சொன்னீர்கள் இல்லையா?" என்று நான் மாமியைக் கேட்டேன். அவர் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"இல்லை பிள்ளை, பஸ்ஸே இல்லை" என்றார் மாமி உடனே. "மாரியில ரோட்டுக்கு மேலால தண்ணி வந்திடும். வெளியால போகேலாது."

"அப்படியென்றால் கஷ்டம்தான்" என்றேன் நான்.

"கஷ்டம்தான். நான் எப்பிடியும் பழகிட்டன்."

அமெரிக்கர் என்னைப் பார்த்தார். நான் தேநீர்க் கேத்தலைத் தூக்கி மாமிக்கு இன்னும் கொஞ்சமா என்று கேட்டேன். அதுவரை ஒவ்வொரு தடவையும் மறுத்தே வாங்கிய மாமி, இந்த முறை மறுக்காமல் கோப்பையை நீட்டினார்.

மாமியை ரயிலேற்றிவிடுவதாகச் சொல்லி அவரோடு ஸ்டேஷனுக்கு நடந்தேன். அமெரிக்கர் வாசலிலேயே நின்றுவிட்டார். பாதித் தூரம் போனபின் மாமி கேட்டார்:

"நீர் எந்த ஊர்?"

சொன்னேன். ஓம், செய்தியில் பார்த்தது என்றார். உங்கட ஆக்களும் வெளியாலதான் கூடவோ என்று கேட்டார். இப்போது அப்படித்தான் என்றேன். பிறகு நான் கேட்காமலே அவர் சொன்னார்.

"அந்த வீடு குடுக்கிறதுக்கு என்ர இல்லை. அண்ணையின்ர. கட்டட வேலைக்கெண்டு இங்க வந்தவர், இங்கதான் எங்கையோ. கடைசியா எழுதினது எப்பவெண்டு எனக்கே மறந்துபோச்சு."

"அதை அவவிடம் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லலாம்." மாமி நின்று கையுறையைப் போட்டுக்கொண்டார். "சொன்னால் அவ அண்ணையைத் தேடத் துவங்கியிடுவா. கம்ப்யூட்டரில தட்டி ஒரு கிழமையில கண்டுபிடிச்சும் தருவா. நல்ல பிள்ளை, அதுதான் பயம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். ஸ்டேஷனில், போயிட்டு வாறன் என்று நான் சொன்னதை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. மாமி டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலுக்குப் போனார். நான் ட்ராமுக்குப் போனேன்.

திங்கட்கிழமை அமெரிக்கர் என் மேசைக்கு வந்தார். உட்காரவில்லை.

"மூன்று தடவை கேள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்."

"அது சாப்பாட்டுக்கு."

"சாப்பாட்டுக்கு மட்டும் என்று நீங்கள் சொல்லவில்லை."

"எனக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது."

"அவர் ஓம் சொல்லப்போனார். நான் பார்த்தேன்."

"சொல்லியிருப்பார்" என்றேன். "ஆனால் தந்திருக்க மாட்டார்."

அது அவருக்கு விளங்கவில்லை. விளங்கவைக்க எனக்கு ஒரே வழிதான் இருந்தது, அந்த அண்ணையைப் பற்றிச் சொல்வது. அது மாமியுடைய கதை. நான் சொல்லவில்லை. அதன்பின் அவர் என்னோடு பேசியதெல்லாம் பிழைப் பதிவுகளின் வழியாகத்தான். திருத்தப்பட்டது. மீண்டும் சோதிக்கவும். திருத்தப்பட்டது. அம்மா ஒரு நாள், உன்ர அமெரிக்காவைக் காணேல்லை என்றார். நடந்ததைச் சொன்னேன்.

"உனக்கேனடி வெள்ளைக்காரரின்ர காணிப் பிரச்சினை?" என்றார் அம்மா. "எங்கடையே தீரேல்லை."

டிசம்பரில், நத்தார் விடுமுறைக்குச் சற்று முன்னால் அமெரிக்கர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முந்தின நாள் மாமி தொலைபேசி எடுத்திருந்தார். மாமியின் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீடு இருக்கிறது. அவர் மகளோடு இருக்க அவுஸ்திரேலியா போகிறார். வீட்டைத் தெரிந்த ஆளுக்குத்தான் வாடகைக்குக் கொடுப்பாராம். என்ர ஆக்கள் என்று மாமி சொல்லி வைத்திருக்கிறார். அவர்கள் வந்து சேரும் நாளுக்கு முதல் நாளே போய் அடுப்பு மூட்டி வைப்பதாகவும் சொல்லியிருக்கிறார்.

"என்ர ஆக்கள் என்றாரா?" என்று கேட்டேன்.

"அப்படித்தான் சொன்னார்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"ஒரு தடவை வேண்டாம் என்றேன், மரியாதைக்கு" என்றார் அவர். "பிறகு பயம் வந்துவிட்டது. உடனே ஓம் சொல்லிவிட்டேன்."

அது வீட்டைப் பற்றிய பேச்சுத்தானே, மறுக்கவே தேவையில்லை என்று சொல்ல நினைத்தேன். என் விதிகளின் எல்லை எங்கே முடிகிறது என்று எனக்கு நிச்சயமில்லாததால் சொல்லவில்லை. பழைய வீட்டைப் பற்றி மாமி ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை என்றார். தானும் கேட்கவில்லை என்றார். இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்காமல் என் திரையைப் பார்த்தார்.

அவர்கள் அடுத்த வருடம் போனார்கள். இப்போதும் அங்கேதான் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமி வீட்டுக்குத் தேநீருக்குப் போகிறார்கள். போகும் வழியில் பழைய வீட்டைக் கடந்துதான் போக வேண்டும். கதவின் பழுப்புப் பூச்சு உரிந்து அடியில் பச்சை தெரிகிறது என்று ஒரு மின்னஞ்சலில் எழுதியிருந்தார். தன் அம்மா சொன்ன நிறம் அதுதானாம். தான்தான் பிழையாக நினைத்திருந்ததாகவும் எழுதினார். வீடு பூட்டியபடியே இருக்கிறது. மூன்றாம் தடவை அவர் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்து வீட்டைப் பற்றி அப்பாவின் சொந்தக்காரரும் பிறகு கேட்கவில்லை. இணையத்தளத்தில் தேநீர் பற்றிய வரி திருத்தியபடி இருக்கிறது. இந்த விதி சாப்பாட்டுக்கு மட்டும், வீட்டுக்கும் காணிக்கும் பொருந்தாது என்று நான் திறந்த இரண்டாவது பதிவு மூடப்படவில்லை. அதைத் திருத்த வேண்டியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். நானும் இப்போது வேறு இடத்தில் வேலை செய்கிறேன்.